மானின் கண்ணும் வேடனின் உடையும்

    

பத்தாம் ஆண்டு விழாவில் இலக்கியத்திற்கு வெளியே உள்ள ஒரு பொருளைப் பற்றியும் ஓர் உரை அமைதல் வேண்டும் எனப் பொறுப்பாளர்கள் பணித்தனர். அதன்படி, வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோர் தம் உடையை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர், எவ்வாறு கலந்து அணிகின்றனர் என்பதை என் பொருளாகக் கொண்டேன். தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இப்பொருள் எதற்கு என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். பார்த்தல், மறைதல், தவறாகக் காணுதல் ஆகிய மூன்றும் நம் இலக்கியத்தின் பழைய பொருள்களே. அவற்றை வேற்று நாட்டுக் காட்டில் வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். அமெரிக்காவின் நிலை வேறு. அங்கு வெண்வால் மான்களின் தொகை மூன்று கோடி அளவில் மதிப்பிடப்படுகிறது. உரிமம், பருவம், எண்ணிக்கை ஆகிய வரையறைகளுக்கு உட்பட்டு மாநில அரசுகள் வேட்டைக்கு இசைவளிக்கின்றன. இலையுதிர் காலத்தில் முதலில் வில்வேட்டைப் பருவமும், பின்னர் துப்பாக்கிப் பருவமும் வருதல் பெருவழக்கு. இவ்விரு பருவங்களின் வேறுபாடு உடையையும் மாற்றுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. சூழலோடு கலந்து உருத்தெரியாமல் நிற்பதை உருமறைப்பு என்கிறோம். இச்சொல் பொருத்தமானது. மறைய வேண்டுவது ஆள் அன்று, ஆளின் உருவம் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. தலை, தோள், இரு கைகள், இரு கால்கள் என்னும் மனித வடிவம் எதிரே நிற்பவரின் கண்ணில் சிதைந்துவிட்டால் போதும். ஆள் அங்கேயே இருக்கலாம்.

உடை வந்த வழி

இக்கருத்தை முறையாக எழுதியவர் ஓர் ஓவியர். ஆப்பட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியர், விலங்குகளின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதன் காரணத்தை 1896ஆம் ஆண்டில் விளக்கினார். மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுப்பாகவும், நிழல் வயிற்றைக் கறுப்பாகவும் காட்டும். விலங்கின் நிறம் அதற்கு மாறாக அமைந்து, திரண்ட உடலைத் தட்டையாக்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. 1909ஆம் ஆண்டில் அவரும் அவர் மகனும் வெளியிட்ட நூலில் இக்கருத்தை எல்லா உயிர்களுக்கும் விரித்தனர். செந்நிற நாரைகள்கூட விடியல் வானில் மறைவதற்காகவே அந்நிறம் பெற்றன என்று தேயர் கூறியபோது, வேட்டையில் தேர்ந்தவரான தியோடர் ரூஸ்வெல்ட் கடுமையாக மறுத்தார். ஓவியரின் கண்ணுக்கும் வேடரின் கண்ணுக்கும் நிகழ்ந்த வழக்கு அது. மறைப்பின் விதியைக் கண்டவர் ஓவியர். அவ்விதிக்கு எல்லை உண்டு என்று நினைவூட்டியவர் வேடர்.

மனிதர் அணியும் மறைப்புடையின் வரலாற்றில் இந்திய மண்ணுக்கும் பங்குண்டு. 1840களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லைப்புறத்தில் அமைந்த படைப்பிரிவு ஒன்று மண்ணிறத் துணியை அணிந்தது. காக்கி என்னும் சொல் புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், அமெரிக்க மரைன் படை வீரர்களுக்குப் பச்சையும் பழுப்புமான புள்ளிகள் இட்ட உடை வழங்கப்பட்டது. அதன் கோலத்தை வகுத்தவர் நார்வெல் கில்லெஸ்பி என்னும் தோட்டக்கலை அறிஞர். போர் முடிந்தபின் அவ்வகை உடைகளே வேடர்களின் கைக்கு வந்தன.

வேட்டைக்கென்றே தனிக்கோலம் பிறந்தது பின்னரே. வர்ஜீனியா மாநிலத்து வில்வேடரான ஜிம் குரம்லி, மரப்பட்டையின் நெடுக்குக் கோடுகளைத் துணியில் வரைந்து, 1980ஆம் ஆண்டில் டிரீபார்க் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1986ஆம் ஆண்டில் மிசிசிப்பியில் டாக்சி ஹாஸ் மாஸி ஓக் நிறுவனத்தையும், ஜார்ஜியாவில் பில் ஜோர்டன் ரியல்ட்ரீ நிறுவனத்தையும் தொடங்கினர். தாம் வேட்டையாடும் இடத்து இலை, சருகு, மண் ஆகியவற்றைக் கையில் அள்ளி, அதனைத் துணியில் கொண்டுவர முயன்றவர் ஹாஸ். இவ்வாறு புள்ளி போய் மரமே துணிக்கு வந்தது. நாளடைவில் கிளையும் இலையும் நிழலும் நிழற்படம்போல அச்சிடப்பட்டன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடையில் தொங்கும் சட்டையைப் பார்த்து, ‘அச்சு அசலாக ஓக் மரம்’ என்று வியப்பது யாருடைய கண்? வாங்குபவரின் கண். காட்டில் அச்சட்டையைப் பார்க்கப்போவதோ மான். மானின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றல்ல.

மான் காண்பது

1992ஆம் ஆண்டில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மில்லர், லாரி மார்ச்சின்டன் ஆகிய மானியல் அறிஞர்களும், ஜெரால்டு ஜேக்கப்ஸ், ஜே நைட்ஸ் ஆகிய பார்வையியல் அறிஞர்களும் கூடி ஓர் ஆய்வை நிகழ்த்தினர். மயக்க மருந்து தரப்பட்ட மானின் கண்ணில் வெவ்வேறு நிற ஒளிகளைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்குறிகளை அளந்தனர். 1994ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன.

மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பணுக்கள் மூவகை. மானுக்கு அவை இருவகையே. ஒன்று நீல ஒளியை, ஏறத்தாழ 450 முதல் 460 நானோமீட்டர் அலைநீளத்தில் நன்கு உணர்வது. மற்றொன்று பச்சை ஒளியை, ஏறத்தாழ 540 நானோமீட்டரில் நன்கு உணர்வது. சிவப்பைப் பிரித்தறியும் மூன்றாம் வகை அதற்கு இல்லை. ஆகவே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவை மானுக்கு ஏறத்தாழ ஒரே நிறத்தின் பல சாயல்கள். சிவப்பு மிக மங்கிய இருண்ட நிறம். நீலமோ பளிச்சென்று தெரியும். அன்றியும், நம் கண்வில்லை தடுத்துவிடும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி மானின் கண்ணுக்குள் புகுகிறது.

இவற்றிலிருந்து கிடைக்கும் முதற்பாடம் எளிது. பச்சையா பழுப்பா என்று வேடர் நெடுநேரம் ஆராய்வதில் மானைப் பொறுத்தவரை பெரும்பயன் இல்லை. நீலத்தைத் தவிர்ப்பதே முதன்மையானது. விலையுயர்ந்த உருமறைப்புச் சட்டையை அணிந்து, கீழே நீல ஜீன்ஸ் அணிந்தவர் மானின் கண்ணில் பாதி ஆளாக நிற்கிறார்.

இரண்டாம் பாடம் சலவையைப் பற்றியது. துணியை வெண்மையாகக் காட்டச் சலவைத்தூளில் ஒளிர்பொருள் சேர்க்கின்றனர். அது புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக வெளிவிடும். மானுக்குக் கூர்மையாகத் தெரியும் அதே நீலம் அது. மான் நடமாடும் வைகறையிலும் அந்திப் பொழுதிலும் நீல ஒளியே மிகுதி. அப்பொழுதில் ஒளிர்பொருள் ஏறிய உடை, நம் கண்ணுக்கு மங்கிய பழுப்பாகவும் மானின் கண்ணுக்குச் சற்றே மின்னுவதாகவும் இருக்கும். ஆதலின் ஒளிர்பொருள் கலவாத தூளால் துவைக்க வேண்டும் என்பது தேர்ந்த வேடர்களின் விதி. நறுமணமும் கூடாது; மானின் மூக்கு அதன் கண்ணினும் கூரியது.

மூன்றாவது, மான் நுண்ணிய உருவங்களை நம்மைப்போல் தெளிவாகக் காண்பதில்லை. அதன் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்து, தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியைக் காட்டுகின்றன. அசைவு ஒன்று நேர்ந்தால் உடனே அறியும். எனவே சட்டையில் ஒவ்வொரு இலையின் நரம்பும் தெரிய அச்சிட்டது மானுக்காக அன்று, வாங்குபவருக்காகவே.

தேர்வும் கலப்பும்

இனி உடையைத் தேர்ந்து கலக்கும் முறைக்கு வருவோம். சிறுசிறு இலைகள் நெருங்கிய கோலம் அருகில் அழகாகத் தோன்றும். முப்பது அடி தள்ளி நின்று பார்த்தால் இலைகளெல்லாம் ஒன்றாகக் கலந்து, கறுத்த ஒரு திரளாகிவிடும். அத்திரளுக்குத் தலையும் தோளும் கையும் இருக்கும். மறைக்க வந்த துணியே உருவத்தை வரைந்து காட்டிவிடுகிறது. இதனைத் தவிர்க்க, வெளிர்நிறமும் கருநிறமும் பெரிய பரப்புகளாக மாறிமாறி வரும் கோலத்தை நாடுதல் வேண்டும். பெரிய பரப்பு உருவத்தை உடைக்கும். அதனுள் அமைந்த சிறிய கோலம் பின்புலத்தோடு கலக்கும். அமெரிக்கப் படைத்துறைக்காக 1970களில் இக்கொள்கையை வகுத்த திமொதி ஓ’நீல், பின்னர் மானின் கண்ணை ஆராய்ந்த ஜே நைட்ஸுடன் சேர்ந்து வேட்டை உடைக்கும் கோலம் வகுத்தார். அக்கோலத்தில் இலையும் இல்லை, கிளையும் இல்லை. மனிதக் கண்ணுக்கு அது எதனையும் ஒத்திராது.

புதிய உடை வாங்க இயலாதோர் கையாளும் எளிய வழி கலப்பு. மேலாடை ஒரு கோலமாகவும் கீழாடை வேறொரு கோலமாகவும் இருத்தல். தலை முதல் கால்வரை ஒரே கோலம் அணிந்தால், அக்கோலம் சூழலோடு பொருந்தாத இடத்தில் முழு ஆளும் ஒருசேர வெளிப்படுவார். இடுப்பில் கோலம் மாறினால் உருவம் அங்கே இரண்டாகப் பிரியும். தரையில் மரத்தடியில் அமர்பவருக்குக் கால்கள் சருகின்மேல் கிடக்கும். முதுகு மரத்தோடு ஒட்டும். அவருக்குச் சருகு நிறக் கீழாடையும் மரப்பட்டைக் கோல மேலாடையும் பொருந்தும். மரப்பரணில் அமர்பவரைக் கீழிருந்து நோக்கும் மானுக்குப் பின்புலமாக இருப்பவை வானமும் இலையுதிர்ந்த கிளைகளும். அவருக்கு வெளிர் சாம்பல் மிகுந்து கோடுகள் இடைவிட்டு வரும் மேலாடையே ஏற்றது. அடர்ந்த கரும்பச்சை அணிந்தால் வானத்தின்முன் கறுத்த பொதிபோல் தோன்றுவார். பருவத் தொடக்கத்தில் பச்சையும், இலை உதிர்ந்தபின் பழுப்பும் சாம்பலும், பனி விழுந்தபின் கருங்கோடிட்ட வெண்மையும் என நிலத்தோடு உடையும் மாறும்.

கலப்பிற்கும் அளவு உண்டு. நிறங்கள் மாறலாம், ஒளியளவு பெரிதும் வேறுபடலாகாது. மிக வெளிர்ந்த சட்டைக்குக் கீழே மிகக் கறுத்த காற்சட்டை அணிந்தால் இடுப்பில் ஒரு நேர்க்கோடு விழும். காட்டில் அத்தகைய கிடைக்கோடு அரிது. முகமும் கைகளும் மூடப்படாவிடில் ஏனைய முயற்சியெல்லாம் வீண். தோலின் பளபளப்பும் கையின் அசைவுமே ஆளை முதலில் காட்டிக்கொடுப்பவை. துணியின் ஓசையும் எண்ணத்தக்கது. விறைத்த நைலான் கிளையில் உரசினால் ஒலிக்கும்; கம்பளி ஒலிக்காது. இத்தனையும் அமைந்தபின்னரும் காற்று வேடரிடமிருந்து மானை நோக்கி வீசுமாயின் உடையால் பயனில்லை.

மற்றொரு கண்

இதுவரை மானின் கண்ணைப் பற்றியே பேசினேன். காட்டில் மற்றொரு கண்ணும் உண்டு. அது துப்பாக்கி ஏந்திய வேறொரு வேடரின் கண். உருமறைப்பு உடை திறம்பட அமைந்தால் அது அக்கண்ணிலிருந்தும் ஆளை மறைத்துவிடும். மறைந்திருப்பவர் அசைகிறார், புதர் ஆடுகிறது, தொலைவில் ஒருவர் அதனை மான் எனக் கருதித் துப்பாக்கியை உயர்த்துகிறார். வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் வெள்ளைக் கையுறையும் வெள்ளைக் கைக்குட்டையும் கூடாது எனக் கற்பிக்கின்றனர். வெண்வால் மான் அஞ்சியோடும்போது உயர்த்தும் வால் வெண்மையானது. அதுவென எண்ணிச் சுட்டுவிடும் அபாயம் உண்டு.

இதனாலேயே பல மாநிலங்கள் துப்பாக்கிப் பருவத்தில் ஒளிர் ஆரஞ்சு நிற உடையைக் கட்டாயமாக்கியுள்ளன. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலம். ஜார்ஜியாவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம். விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் அணியும் வெளியாடையில் பாதி. விஸ்கான்சின் 2016ஆம் ஆண்டில் ஒளிர் இளஞ்சிவப்பையும் ஏற்றுக்கொண்டது. வில்வேட்டைக்கு மட்டுமான பருவத்தில் இக்கட்டாயம் பெரும்பாலும் இல்லை. வில்லின் எட்டம் குறைவு. மானை மிக அருகில் வரவிட வேண்டும். ஆகவே உருமறைப்பு முழுமையாகப் பயன்படுவது அப்பருவத்திலேயே.

பழைய வேடர்கள் சிவப்பு அணிந்தனர். ஏன் சிவப்பு நீங்கி ஆரஞ்சு வந்தது? ஒளி மங்கும் அந்தியில் மனிதக் கண்ணுக்கும் சிவப்பு கறுத்துவிடுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆடவரும் பலர் உளர். ஒளிர் ஆரஞ்சு அந்தியிலும் எரிவதுபோல் நிற்கும். காட்டில் அதற்கு நிகரான நிறம் இல்லை. மானுக்கோ அது மங்கிய மஞ்சளின் ஒரு சாயல் மட்டுமே. மனிதனுக்கு உரக்கக் கூவுவதும் மானிடம் மெல்லப் பேசுவதுமாகிய ஒரே நிறம் இரு கண்களின் வேறுபாட்டால் கிடைத்திருக்கிறது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கோலமின்றி முழுமையாக விரிந்த ஆரஞ்சுப் பரப்பு, நிறத்தால் தெரியாவிடினும் வெளிர்ந்த ஒரு திரளாக மானுக்குத் தெரியக்கூடும். ஆகவே ஆரஞ்சின் மேல் கருங்கிளைகளை அச்சிட்ட உடையும் விற்பனைக்கு வந்தது. அது மானிடமிருந்து உருவத்தை மறைக்கும். ஆனால் மனிதனுக்குக் காட்டும் பரப்பையும் குறைத்துவிடும். கொலராடோ மாநிலம் அவ்வாறு கோலமிட்ட ஆரஞ்சைக் கணக்கில் கொள்வதில்லை. வேறு சில மாநிலங்கள் ஏற்கின்றன. என் கருத்தைக் கேட்டால், கொலராடோவின் பக்கமே நிற்பேன். மான் தப்பினால் வேடருக்கு ஒரு நாள் வீணாகும். மனிதன் தெரியாமற்போனால் ஒரு குடும்பம் வீணாகும். இரண்டையும் ஒரே தராசில் இடலாகாது.

ஆரஞ்சு உடுத்த முதல் வேடன் மனிதன் அல்லன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது நம் காட்டுப் புலி. பசுமைக்கு நடுவே செம்மஞ்சள் நிறம் எப்படி மறைப்பாகும் என்பது நெடுநாள் ஐயம். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இருநிறப் பார்வையுடைய விலங்கின் கண்ணில் புலியின் நிறம் பசுமையோடு கலந்துவிடுவதைக் காட்டிற்று. கருவரிகள் உருவத்தை உடைக்கின்றன. கடையில் விற்கும் கருங்கிளை ஆரஞ்சுச் சட்டையைப் புலி என்றோ அணிந்துவிட்டது. வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலிக்குட்டியாகக் கண்ட சங்கப் புலவர்கள், மஞ்சளும் கருமையும் கூடினால் கண் மயங்கும் என்பதை அறிந்தே பாடினர்.

நம் நூல்கள் அறிந்த பிழை

தவறாகக் கண்டு எய்த அம்பு நம் இதிகாசங்களின் திருப்புமுனைகளில் நிற்கிறது. நீரில் குடம் நிறையும் ஒலியை யானை நீர் அருந்தும் ஒலி எனக் கொண்டான் தசரதன். இறந்தவன் பார்வையற்ற பெற்றோரின் மகன். அவர்கள் இட்ட சாபமே இராமனைப் பிரிந்து அவன் உயிர்விடக் காரணமாயிற்று. மான் வடிவில் இருந்த முனிவரை எய்தான் பாண்டு; அச்சாபத்தின் வழியே பாரதக் கதை நடக்கிறது. கண்ணனின் திருவடியை மான் எனக் கருதினான் ஜரன் என்னும் வேடன். அத்துடன் ஓர் அவதாரம் முடிந்தது. மூவரும் கொடியவர் அல்லர். குறி தவறியவரும் அல்லர். மூவருடைய அம்பும் எண்ணிய இடத்திலேயே தைத்தது. தவறியது அடையாளம் காணுதல். ‘இலக்கு எதுவென உறுதி செய், அதற்கு அப்பால் இருப்பதையும் அறி’ என்று இன்றைய வேட்டைப் பயிற்சியில் கற்பிக்கும் விதியை இக்கதைகள் முன்னரே கூறிவிட்டன.

மற்றொரு சொல்லையும் நினைவூட்ட விரும்புகிறேன். பெரும்பாணாற்றுப்படையிலும் நற்றிணையிலும் ‘பார்வை’ என்னும் சொல், பிற விலங்கையோ பறவையையோ ஈர்ப்பதற்காக வேட்டுவர் பழக்கி வைத்த விலங்கையும் பறவையையும் குறிக்கிறது. காண்பதற்கும் பார்வை என்று பெயர்; காட்டி ஏமாற்றுவதற்கும் பார்வை என்று பெயர். தன் இனம் நிற்கிறது என்று மான் காணும் காட்சியே அதனைப் பிடிக்கும் வலை என்பதைப் பழந்தமிழ் வேட்டுவர் அறிந்திருந்தனர். தம் கண்ணால் அன்றி மானின் கண்ணால் அவர்கள் எண்ணினர். 1992இல் ஜார்ஜியாவில் கருவிகொண்டு அளந்ததும் அந்த வழிப்பட்ட அறிவே.

அன்பர்களே! தொகுத்துக் கூறுகிறேன். மறைப்புடை தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இது எனக்கு எப்படித் தெரிகிறது?’ என்பது அன்று. ‘பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?’ என்பதே. பார்ப்பவர் இருவர். ஒருவருக்கு மறைய வேண்டும். மற்றொருவருக்குத் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேர இயலாத இடத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரிவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் நாம் அவ்வுடையை அணியப்போவதில்லை. ஆயினும் இருண்ட சாலையில் நடப்பவர், சாலையோரம் துப்புரவுப் பணி செய்பவர், இரவில் மிதிவண்டியில் செல்லும் மாணவர் ஆகியோர் வெளிர்நிற உடையோ ஒளிரும் மேலங்கியோ அணிந்தால் உயிர் பிழைப்பர். அவர்களைப் பார்த்து வண்டி ஓட்டுபவரும் அசைவது எதுவென உறுதி செய்து ஓட்டுதல் வேண்டும். தசரதன் கதையை மேடையில் பாடிப் போற்றும் நாம், அதன் பாடத்தைச் சாலையிலும் கைக்கொள்ளலாம்.